அறக்கொட்டியானும் சிவப்புச் சீனட்டியும்

வட்டையின் நடுவே சுளகு அகலத்துக்கு ஒரு மஞ்சள் திட்டுத் தெரிந்தால் போதும், படுவான்கரை விவசாயி செருப்பை வரம்பில் விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கிவிடுவார். நின்றபடி பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. குனிந்து, பயிரின் அடியை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். எள்ளை அப்பிவிட்டதுபோல மண்ணிறப் பூச்சிகள் தண்டைச் சுற்றி மொய்த்திருக்கும். கை பட்டதும் பக்கவாட்டில் நகரும், சில தண்ணீரில் விழுந்து தத்தும். மட்டக்களப்பில் இதற்குப் பெயர் அறக்கொட்டியான். விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தில் கபில நிறத் தத்தி. தமிழ்நாட்டில் புகையான்.

"காலையில சுளகளவு இருந்தது மனே, மறுகா ரெண்டு நாளில களவெட்டியளவு" என்று ஒரு முதியவர் எனக்குச் சொன்னார். அவர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

வளர்ந்த அறக்கொட்டியான் மூன்று, நான்கு மில்லிமீற்றர்தான். ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகி, இலையில் உண்டாகி இறங்கிவரும் சர்க்கரைச் சாற்றை உறிஞ்சும். ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும்; முட்டைகள் இலையுறையின் சதைக்குள் இருப்பதால் கண்ணுக்கும் மருந்துக்கும் தப்பும். பயிர் செழிப்பாக இருக்கும்வரை குஞ்சுகளில் பல குட்டைச் சிறகோடு வளரும். பறக்க வேண்டிய தேவை இல்லை, மிச்சமாகும் சக்தி முட்டைக்குப் போய்விடும். பயிர் வாடி நெரிசல் கூடினால் அடுத்த தலைமுறை நீண்ட சிறகோடு கிளம்பிக் காற்றேறிவிடும். இத்தனை நுட்பமான குடும்பத் திட்டம் வேறு எந்தப் பூச்சிக்கும் இருக்கிறதா என்று யோசித்ததுண்டு.

நெருக்கமான விதைப்பும் தாராளமான யூரியாவும் அதற்கு விருந்து. மருந்து அடிப்பது பல தடவை விருந்தை நீட்டிக்கிற காரியமாகவே முடிகிறது. மேலிருந்து தெளிக்கும் மருந்து இலைகளில் உலவும் சிலந்தியையும், முட்டை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சியையும் முதலில் கொல்லும். அடியில் ஒளிந்திருக்கும் அறக்கொட்டியானில் ஒரு பங்கு தப்பும், முட்டைகள் பொரிக்கும், பிடித்துத் தின்ன ஆளிருக்காது. 1970களில் ஆசியா முழுவதும் நடந்தது இதுதான். 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்ததும் இதனால்தான்.

மருந்து இல்லாத ஒரு பதிலை இலங்கை மண் முன்னமே வைத்திருந்தது. அதன் பெயர் ரத்து ஹீனட்டி. ரத்து என்றால் சிங்களத்தில் சிவப்பு. ஹீனட்டியை நம்மவர்கள் சீனட்டி என்பார்கள். பழைய சிவப்பரிசி நெல். உயரமாக வளரும், விளைச்சல் குறைவு, இன்றைய வயல்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் உலகில் எங்கு நெல் ஆராய்ச்சி நடந்தாலும், அறக்கொட்டியானைப் பற்றிய பேச்சு வந்தால் இந்தப் பெயரும் வரும்.

பிலிப்பைன்ஸின் லொஸ் பன்யோசில் 1960இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 1966இல் வந்த ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் விளைச்சலைப் பெருக்கியது. கூடவே அறக்கொட்டியானையும் பெருக்கியது. ஆராய்ச்சியாளர்கள் சேமிப்பில் இருந்த நாட்டு நெல்களை ஒவ்வொன்றாக முளைக்கவைத்து, பூச்சியை விட்டு, எது தாங்குகிறது என்று பார்த்தார்கள். இந்தியாவின் முட்கோ தாங்கியது. திருநெல்வேலிச் சீமை அம்பாசமுத்திரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏ.எஸ்.டி. 7 தாங்கியது. 1971இல் இந்த இரண்டிலும் உள்ள எதிர்ப்புக்கு இரண்டு தனித்தனி மரபணுக்கள் காரணம் என்று காட்டினார்கள். முட்கோவின் மரபணு முதலாம் எண், ஏ.எஸ்.டி. 7இன் மரபணு இரண்டாம் எண்.

முதலாம் எண்ணைச் சுமந்த ஐ.ஆர். 26 என்ற நெல் 1973இல் வெளிவந்தது. இரண்டு மூன்று வருடத்துக்குள் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அதைத் தின்னக்கூடிய அறக்கொட்டியான் பெருகிவிட்டது. 1976இல் இரண்டாம் எண்ணைச் சுமந்த ஐ.ஆர். 36ஐ இறக்கினார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் விட்டுவிடும் ஒரு செய்தி நமக்கு முக்கியமானது. தென்னாசியாவின் அறக்கொட்டியானுக்கு முதலாம் எண்ணும் இரண்டாம் எண்ணும் ஒரு பொருட்டே இல்லை. லொஸ் பன்யோசில் பூச்சியை மடக்கிய நெல்லை மட்டக்களப்புப் பூச்சி சாவகாசமாக உறிஞ்சும். நெல் ஒன்றுதான், பூச்சியின் இனமும் ஒன்றுதான். ஆனால் ஒரு பூச்சிக் கூட்டம் எந்த நெல்லோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியதோ, அதைப் பொறுத்து அதன் வயிறு மாறிவிடுகிறது.

ரத்து ஹீனட்டி இரு பக்கத்துப் பூச்சிகளையும் தாங்கியது. 1977இல் லட்சுமிநாராயணாவும் குர்தேவ் குஷ்ஷும் அதில் மூன்றாம் எண் மரபணு இருப்பதாக எழுதினார்கள். நான்காம் எண் பாபவீ என்ற நெல்லில். அதுவும் இலங்கை நெல்தான்.

'இருக்கிறது' என்று அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மரபணுவைக் கண்ணால் கண்டு அல்ல. ரத்து ஹீனட்டியைப் பூச்சிக்குப் பலியாகும் ஒரு நெல்லோடு கலந்து, பேரப்பிள்ளைத் தலைமுறையை முளைக்கவைத்து, பூச்சியை விட்டு, பிழைத்ததையும் செத்ததையும் எண்ணினார்கள். மூன்று பிழைத்தால் ஒன்று சாகிறது என்ற கணக்கு வந்தது. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு. ஆகவே உள்ளே எங்கோ ஒரு மரபணு ஆதிக்கம் செலுத்துகிறது. எங்கே என்று தெரியாது. அது என்ன செய்கிறது என்றும் தெரியாது. அது தெரிய மேலும் 38 வருடம் எடுத்தது.

நெல்லின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் 12 சோடி நிறமூர்த்தங்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றாக எடுத்துப் படித்தால் ஏறத்தாழ 38 கோடியே 90 லட்சம் எழுத்துகள் வரும். நான்கே எழுத்துள்ள நெடுங்கணக்கு. பக்கத்துக்கு 2000 எழுத்து, புத்தகத்துக்கு 500 பக்கம் என்று அச்சிட்டால் 389 புத்தகங்கள். ஜப்பானின் நிப்பொன்பாரே என்ற நெல்லை எடுத்து, பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் நிறமூர்த்தங்களைப் பங்கிட்டுக்கொண்டு வாசித்து, 2005இல் முழுப் பிரதியையும் வெளியிட்டன. பயிர்களில் இவ்வளவு துல்லியமாக வாசிக்கப்பட்ட முதல் பயிர் நெல்தான். அதன்பின் வாசிப்பு மலிந்துபோனது. 2018இல் 89 நாடுகளைச் சேர்ந்த 3010 நெல்களின் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பெரும் ஆய்வு வந்தது. இரண்டு கோடியே தொண்ணூறு லட்சம் இடங்களில் ஒரு நெல்லுக்கும் இன்னொன்றுக்கும் ஒற்றை எழுத்து வேறுபடுவதாக அது காட்டியது.

ஒற்றை எழுத்து வேறுபடுவதில் என்ன இருக்கிறது? அந்த வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை எதையும் செய்வதில்லை. அவற்றின் பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. மட்டக்களப்பாருக்கு இதை விளக்குவது எளிது. இங்கே கோயில் திருவிழாப் பங்கிலும் கல்யாணப் பேச்சிலும் 'நீங்கள் என்ன குடி?' என்று கேட்பார்கள். குடி தாய்வழி வருவது. ஒருவரின் முகத்தில் அது எழுதியிருக்காது. அதனால் அவருக்கு மூக்கு நீளமாகாது, குரல் மாறாது. ஆனால் அவர் எந்த வயிற்றுவாரில் வந்தவர் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும். ஒற்றை எழுத்து வேறுபாடும் அப்படித்தான். 'இந்த நாற்றில், நான்காம் நிறமூர்த்தத்தின் இந்தத் துண்டு, ரத்து ஹீனட்டியின் வயிற்றுவாரில் வந்ததா, மற்றப் பெற்றோரிடமிருந்தா?' என்று கேட்டால் பதில் சொல்லும். ஆய்வாளர்கள் இதை அடையாளக்குறி என்பார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. மனிதருக்குக் குடி ஒன்றே. நாற்றுக்கோ நிறமூர்த்தம் நெடுகத் துண்டுக்குத் துண்டு வேறு குடி.

குறிகள் கையில் கிடைத்ததும் மூன்றாம் எண்ணைத் தேடும் வேட்டை தொடங்கியது. சிக்கலும் கூடவே வந்தது. தாய்லாந்து ஆய்வாளர்கள் ரத்து ஹீனட்டியின் எதிர்ப்பு ஆறாம் நிறமூர்த்தத்தில் இருப்பதாகக் கண்டார்கள். சீனாவில் தேடியவர்களுக்கு அதே நெல்லின் எதிர்ப்பு நான்காம் நிறமூர்த்தத்தில் கிடைத்தது. அவர்கள் அதற்குப் பதினேழாம் எண் கொடுத்தார்கள், பிறகு அதையே மூன்றாம் எண் என்றார்கள். இன்றும் கட்டுரைகளில் இந்த எண் குழப்பம் தீரவில்லை. மாணவர்கள் இதில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். குழப்பத்துக்குள் இருக்கும் உண்மை நல்ல உண்மைதான்: ரத்து ஹீனட்டியிடம் இருப்பது ஒரே பூட்டு அல்ல.

தாய்லாந்துக்காரர்களின் அனுபவம் தனியாகச் சொல்லத் தக்கது. அவர்கள் ரத்து ஹீனட்டியின் எதிர்ப்பைத் தங்கள் மல்லிகை நெல்லுக்குள் கொண்டுபோக விரும்பினார்கள். உலகச் சந்தையில் தாய்லாந்தின் பெயரைச் சொல்லும் மென்மையான வாசனை அரிசி அது. எதிர்ப்பு வந்து சேர்ந்தது, ஆனால் சோறு விறைத்தது. காரணம் அயல்வீடு. ஆறாம் நிறமூர்த்தத்தில் எதிர்ப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சோறு மெத்தென்று வருமா உதிரியாக வருமா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு குடியிருக்கிறது. ரத்து ஹீனட்டியிடம் இருப்பது உதிரிச் சோற்றுக்கான வடிவம். ஒரே வளவில் இருப்பவர்கள் ஒன்றாகவே வண்டியேறுவதுபோல, நெருங்கியிருக்கும் மரபணுக்கள் தலைமுறை மாறும்போதும் சேர்ந்தே போகும். நிறமூர்த்தச் சோடிகள் தம்முள் துண்டு மாற்றிக்கொள்ளும் நேரத்தில், மிக அபூர்வமாக, சரியாக அந்த இரண்டுக்கும் நடுவே முறிவு விழும். அப்படி முறிந்த செடியைப் பல செடிகளுக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். சோறாக்கிச் சாப்பிட்டுப் பார்த்தா தேடுவது? குறிகளை வைத்து நாற்றிலேயே தேடிப் பிடித்தார்கள். எதிர்ப்பும் வந்தது, மென்மையும் நின்றது.

உதிரிச் சோற்றை விரும்பும் நமக்கு அந்த வளவைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது வேறு கதை.

நான்காம் நிறமூர்த்தத்தின் முடிச்சை நான்ஜிங் விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் அவிழ்த்து 2015இல் வெளியிட்டார்கள். அது ஒரு மரபணு அல்ல, அருகருகே நிற்கும் மூன்று மரபணுக்கள். மூன்றும் உயிரணுவின் வெளிச் சவ்வில் பதிந்து நிற்கும் உணர்விப் புரதங்களை உருவாக்குபவை. ஒரு பாதி வெளியே நீட்டி நிற்கும், மறு பாதி உள்ளே செய்தி சொல்லும். வாடியின் வாசலில் படுத்திருக்கும் நாய் மாதிரி. பூச்சி குத்தத் தொடங்கியதும் உள்ளே தற்காப்பு எழுகிறது. மூன்றும் சேர்ந்திருந்தால் எதிர்ப்பு கூடுதல். எளிதில் பலியாகும் நெல்லுக்குள் இந்த மரபணுக்களை வைத்துப் பார்த்தபோது அது தாங்கியது. தற்காப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இன்னொரு மரபணுவில் நல்ல விளக்கம் கிடைத்திருக்கிறது. காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த பதினான்காம் எண் மரபணு, சாறு ஓடும் குழாய்களின் சல்லடைத் துளைகளில் ஒருவகைப் பசையைப் படியவைக்கிறது. பூச்சி உறிஞ்சுகிறது, சாறு வருவதில்லை. பூச்சிக்கு நஞ்சு ஊட்டப்படவில்லை, பசியில் கிடக்கவிடப்படுகிறது.

இன்று நாற்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்கள் எண்ணிடப்பட்டிருக்கின்றன. என் கருத்தில் மரபணு வாசிப்பின் மிகப் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. ஐ.ஆர். 26 கற்றுத் தந்த பாடம், ஒற்றைப் பூட்டைப் பூச்சி திறந்துவிடும் என்பது. இரண்டு, மூன்று பூட்டுகளை ஒரே நெல்லில் சேர்த்தால் திறப்பது கடினம். ஆனால் பழைய முறையில் சேர்ப்பது ஏறக்குறைய இயலாத வேலை. ஒரு பூட்டு உள்ள நாற்றிலும் பூச்சி சாகும், இரண்டு உள்ள நாற்றிலும் சாகும். எது எது என்று எப்படிப் பிரிப்பது? பூச்சி சொல்லாது, வயல் சொல்லாது. எழுத்து சொல்லும்.

இனி அதை வயலுக்குக் கொண்டுவரும் கணக்கு. நம் விவசாயிக்கு ரத்து ஹீனட்டி வேண்டாம். அவருக்கு வேண்டியது அவருடைய பி.ஜி. 94-1, அல்லது சிவப்பரிசி ஏ.ரி. 362, இந்த எதிர்ப்போடு. (பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை. புதிய பெயர்களில் எண்ணும் பேசும்: 300 என்றால் மூன்று மாத நெல், 352உம் 362உம் மூன்றரை, 403 நான்கு. எண்ணைப் பார்த்துத் தண்ணீருக்குக் கணக்குப் போடும் வட்டவிதானைமாருக்கு இது தெரிந்ததுதான்.) முதலில் இரண்டையும் கலந்தால் பிள்ளையில் பாதிக்குப் பாதி. அதை மறுபடி 94-1ஓடு கலந்தால் சராசரியாக 75 வீதம் 94-1. இன்னொரு தடவை 87.5. இன்னொன்று 93.75. 99ஐத் தாண்ட ஆறு தடவை வேண்டும். ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பு நழுவவில்லை என்பதைப் பூச்சி விட்டுப் பார்த்தாக வேண்டும்.

குறிகள் இரண்டு இடத்தில் காலத்தை மிச்சப்படுத்துகின்றன. பத்து நாள் நாற்றின் இலையில் ஒரு சிறு வட்டம் வெட்டி எடுத்தால் எதிர்ப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லாத நாற்றைப் பிடுங்கி எறியலாம். இருக்கும் நாற்றுகளிலும் சராசரி 75 என்றால் சிலது 85 இருக்கும், சிலது 65 இருக்கும். எல்லா நிறமூர்த்தங்களிலும் குறிகளைப் பார்த்து அந்த 85ஐ மட்டும் தாயாக வைத்தால் மூன்று சுற்றில் ஆறு சுற்றின் வேலை முடியும். இந்த முறையில் வரும் நெல்லுக்குள் அந்நிய உயிரினத்தின் மரபணு எதுவும் நுழைவதில்லை. பூவின் மகரந்தத்தைத் தட்டி இன்னொரு பூவில் போடும் அதே பழைய கலப்புத்தான். 1958இல் இலங்கை வெளியிட்ட எச். 4ம் அப்படி வந்ததே. அதன் ஒரு பெற்றோர் இந்தோனேசிய நெல், மற்றது முருங்கைக்காயன் 302 என்ற நம் நாட்டு நெல். அன்று கண்ணால் தேர்ந்தார்கள். இன்று இலைத்துண்டையும் பார்க்கிறார்கள்.

வெள்ளத்தின் கதையிலும் நம் பக்கத்துப் பெயர் ஒன்று இருக்கிறது. நீரில் மூழ்கி இரண்டு வாரம் கிடந்தாலும் பிழைக்கும் நெல்களை லொஸ் பன்யோசில் தேடியபோது ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ முதலிடம் பெற்றது. கூடவே பட்டியலில் ஏறிய இலங்கை நெல்கள் மூன்று: கொட ஹீனட்டி, தவளு, பிறகு ஆங்கில எழுத்தில் குர்கறுப்பன் என்று பதிவாகியிருக்கும் ஒன்று. அந்தக் கறுப்பனுக்குத் தமிழ் வாயொன்று பெயர் வைத்திருக்க வேண்டும்.

எஃப்.ஆர். 13ஏயின் இரகசியம் ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் இருப்பதாக 1996இலும், அதற்குரிய மரபணு இன்னதென்று 2006இலும் காட்டினார்கள். சாதாரண நெல் மூழ்கியதும் பதறுகிறது; மேலே எட்டிவிடலாம் என்று உயர வளர்ந்து, சேமித்த மாப்பொருளையெல்லாம் செலவழித்து, வெள்ளம் வடியும்போது எழும்பத் திராணியில்லாமல் விழுகிறது. இந்த மரபணு உள்ள நெல் வளர்ச்சியை நிறுத்தி மூச்சடக்கிக் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் கைவசமுள்ள மாப்பொருளால் துளிர்க்கும். அதை ஆந்திராவின் சுவர்ணாவுக்குள் குறிகளின் துணையோடு மாற்றி, 2009இல் இந்தியாவில் வெளியிட்டார்கள்.

அப்படியானால் இதை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தால் போதுமா? அவசரப்படக் கூடாது. 2011 தை மாதம் படுவான்கரையை மூடிய வெள்ளம், நாற்றுப் பருவம் தாண்டிய பயிர்மேல் ஏறியது. கதிர் வந்த பயிருக்கு மூச்சடக்கும் வித்தை உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த மறுநாளே கொட்டும் மழை வேறொரு தொல்லை. நாம் பெரும்பாலும் நாற்று நடுவதில்லை, விதைக்கிறோம். முளை தண்ணீருக்குள்ளேயே அழுகிப்போகும். அதற்கு வேண்டியது மூச்சடக்குவதற்கு நேரெதிர்: காற்றில்லாத சேற்றுக்குள் மாப்பொருளை வேகமாக உடைத்து மேலே எட்டும் முளை. அதற்கான மரபணு ஒன்று மியன்மாரின் நெல்லொன்றில் 2015இல் அடையாளம் காணப்பட்டது. ஒரே சொல்லான 'வெள்ளம்' நெல்லுக்கு மூன்று வெவ்வேறு நோய். எந்த மாதத்தில், எத்தனை நாள், எவ்வளவு ஆழம் என்ற விபரத்தைத் தரக்கூடியவர் முகத்துவாரம் எப்போது வெட்டுப்படும் என்று காத்திருக்கும் விவசாயிதான். எழுத்து வாசிக்கும் இயந்திரத்தில் அந்த விபரம் கிடையாது.

வாவியோரக் காணிகளின் உவரும் அப்படித்தான். 56 கிலோமீற்றர் நீளமான வாவி, மாரியில் நன்னீர், கோடையில் உப்பு. கேரளத்தின் பொக்காளி நெல் உப்பைத் தாங்கும். அதை 94-1ஓடு கலந்து இலங்கை 1990களிலேயே ஏ.ரி. 354ஐ வெளியிட்டுவிட்டது, குறிகளின் உதவி இல்லாமல். வங்காளத்தின் நோனா பொக்ராவில் 2005இல் கண்ட மரபணு, வேரிலிருந்து ஏறும் சாற்றில் வரும் சோடியத்தை வழியிலேயே பிடித்துத் திருப்பி இலையைக் காக்கிறது. இவை பெரும்பாலும் நாற்றுப் பருவத்துக்கான காவல். பூக்கும் நேரத்து உப்புக்கு இன்னும் நல்ல பூட்டு அகப்படவில்லை.

விளைச்சல் என்ற பெரிய கேள்விக்கு இந்தப் பூட்டு, திறப்புக் கதையே பொருந்தாது. ஏக்கருக்கு எத்தனை புசல் என்பதை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் தலைக்குக் கொஞ்சமாகத் தீர்மானிக்கின்றன. 2001இல் மியுவிசன், ஹேய்ஸ், கொடார்ட் என்ற மூவர் கால்நடை இனவிருத்தியை மனதில் வைத்து ஒரு வழி சொன்னார்கள்: எந்த மரபணு என்று தேடவே வேண்டாம். சில நூறு பயிர் வரிசைகளை வயலில் அளந்து, அவற்றின் ஆயிரக்கணக்கான குறிகளையும் எழுதி, இரண்டையும் கணினியிடம் கொடுத்து ஒவ்வொரு குறிக்கும் ஒரு சிறு மதிப்பெண் போடச் செய். பிறகு புதிய நாற்றின் குறிகளைக் கூட்டினால் அதன் விளைச்சலை முன்கூட்டியே மதிப்பிடலாம். நெல்லிலும் இப்போது இது நடக்கிறது. ஒரு தூரத்து நிலையத்தில் அளந்த விளைச்சலை வைத்துப் போட்ட மதிப்பெண் படுவான்கரை மண்ணில் எவ்வளவு செல்லும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இங்கே அளந்தால்தான் இங்கே சொல்லும். எழுத்தையே நேரடியாகத் திருத்தும் முறையும் வந்துவிட்டது. 2025 மே மாதத்தில் இந்தியா அப்படித் திருத்திய இரண்டு நெல்களை அறிவித்தது. அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

ஒரு குறையைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. ரத்து ஹீனட்டியை எத்தனையோ தலைமுறை விதைநெல்லாகக் கட்டிக் காத்தவர்கள் இந்தத் தீவின் விவசாயிகள். மரபணுவை அவிழ்த்தவர்கள் நான்ஜிங்கில். பாராட்டு அவர்களுக்கு உரியதே. ஆனால் விதை எல்லை தாண்டும்போது அதற்கு ஒப்பந்தம் உண்டு. பயிர் மரபு வளங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து எல்லை தாண்டுவதற்கு மின்னஞ்சல் போதும். அந்த எழுத்திலிருந்து இலாபம் பெறும் நிறுவனங்கள் ஒரு பொது நிதிக்குப் பங்கு தரவேண்டும் என்ற முடிவு கொலம்பியாவின் காலி நகர மாநாட்டில் 2024இல்தான் எடுக்கப்பட்டது. அதுவும் விரும்பியவர் தரலாம் என்ற அளவில். பூட்டின் எழுத்து கணினியில் இருக்கிறது என்பதற்காக விதையைக் கைவிடவும் முடியாது. கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்தின் குளிரறையில் நாட்டு நெல்கள் பைகளில் உறங்குகின்றன. பையின் மேல் பெயரும் எண்ணும் இருக்கும். அந்த நெல்லை விதைத்தவர் 'இது அறக்கொட்டியான் வருசத்தில் நின்ற நெல்' என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் அதில் இருக்காது.

எத்தனை புத்தகம் வாசித்தாலும் கடைசிச் சோதனை ஒரு தகரத் தட்டில்தான் நடக்கிறது. தட்டில் சேறு நிரப்பி வரிசை வரிசையாக நெல் முளைக்கவைப்பார்கள். ஒரு வரிசை தைவானின் டி.என். 1, எதையும் தாங்காத நெல். ஒரு வரிசை கேரளத்துப் பட்டாம்பி 33, இலங்கை இனவிருத்தியாளர்கள் எதிர்ப்புக்காக நெடுங்காலம் நம்பிவந்த நெல். நடுவே, குறிகள் 'இருக்கிறது' என்று சொன்ன புதிய வரிசைகள். ஒரு வார நாற்றில், நாற்றுக்கு எட்டுப் பத்து என்ற கணக்கில் குஞ்சுப் பூச்சிகளைத் தட்டிவிட்டு வலையால் மூடுவார்கள். டி.என். 1 முதலில் மஞ்சளாகும், பிறகு மடியும். அந்த வரிசை பத்தில் ஒன்பது பங்கு செத்த அன்று மற்றவற்றுக்குப் புள்ளி போடுவார்கள்: பூச்சியம் என்றால் சேதமில்லை, ஒன்பது என்றால் சாவு. பட்டாம்பி 33 பச்சையாக நிற்கும். புதிய வரிசைகளில் சில அதன் பக்கம் சாயும், சில டி.என். 1இன் பக்கம். அந்தத் தட்டுக்கு வேண்டிய பூச்சியை வேறெங்கோ வளர்த்துக் கொண்டுவர முடியாது. மார்கழிக் கடைசியில், படுவான்கரை வட்டையில், மஞ்சள் திட்டின் ஓரத்தில் குனிந்துதான் பிடிக்க வேண்டும்.